வாசகர் கேள்விகள்: விலைக்கு வாங்கும் குட்டியும் காப்பகத்து நாயும்

கேள்வி: நானும் கணவரும் ஏழு வயது மகளும் உள்ள வீடு எங்களுடையது. நாய் வளர்ப்பது என்று முடிவாகிவிட்டது. எங்கிருந்து என்பதில்தான் இரண்டு மாதமாகப் பேச்சு ஓயவில்லை. நல்ல பிரீடரிடம் லாப்ரடார் குட்டி வாங்கினால் குணம் இன்னதென்று முன்பே தெரியும், குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதுதான் பத்திரம் என்கிறார் கணவர். காப்பகத்தில் அத்தனை நாய்கள் காத்துக் கிடக்கையில் பணம் கொடுத்துக் குட்டி வாங்குவது எனக்கு உறுத்துகிறது. கலப்பின நாய்க்கு நோயே வராது என்றும் கேள்விப்பட்டேன். இதுவரை நாங்கள் இருவருமே நாய் வளர்த்ததில்லை. யார் சொல்வது சரி?

பதில்: குணம் இனத்தோடு ஒட்டிக்கொண்டே வரும் என்ற நம்பிக்கையில்தான் பல வீடுகளில் குட்டி வாங்கப்படுகிறது; ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். 18,000-க்கும் மேற்பட்ட வீட்டு நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் விசாரித்து, அவற்றுள் 2,000-க்கும் அதிகமான நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்து, 2022-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்துக்கு மட்டுமே இனம் காரணம் என்று அது கண்டது. சொன்னபடி கேட்கும் இயல்பில் இனத்தின் பங்கு சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. சட்டென்று சீறும் இயல்பில் மிகவும் குறைவாகவே இருந்தது. குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த இரண்டாவதுதான் கவலை என்பதைக் கணவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும், முடி எவ்வளவு உதிரும், எந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம் என்பவற்றை இனம் நன்றாகவே சொல்லிவிடும். லாப்ரடார் 25 முதல் 36 கிலோ வரை வளரக்கூடியது. ஒன்றரை வயதில் உடம்பால் முழு நாயாகவும் புத்தியால் இன்னும் குட்டியாகவும் இருக்கும் அது, எதிரே ஒரு பூனையைக் கண்டு பாயும்போது, கழுத்துப் பட்டையில் மாட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உங்கள் மகள் நிற்பதாக ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்த இனத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது உழைப்பு கேட்கும் நாய் என்பது விற்பவர் வாயிலிருந்து பெரும்பாலும் வராது.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கலப்பினத்துக்கு நோய் வராது என்பது சரியல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவமனையின் 15 ஆண்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2013-இல் வெளியான ஆய்வில், 24 மரபுவழி நோய்கள் ஒப்பிடப்பட்டன. அவற்றுள் 10 நோய்கள் தூய இன நாய்களில் அதிகமாக இருந்தன. 13 நோய்களில் வேறுபாடு தென்படவில்லை. முழங்கால் பிணைநார் கிழிந்துபோவது ஒன்று மட்டும் கலப்பினத்தில் அதிகம். ஆக, கலப்பினத்துக்குச் சற்றுச் சாதகம் உண்டு, அவ்வளவுதான். தூய இனம் என்பது கதவடைத்த குடும்பம் போன்றது. ஒரு குறை உள்ளே நுழைந்துவிட்டால் வெளியேற வழியிருக்காது. டால்மேஷியன் இனம் முழுவதிலும் யூரிக் அமிலக் கோளாறு பரவிவிட்டதால், அதை நீக்குவதற்காக 1973-இல் ஒருவர் பாயிண்டர் இனத்தோடு ஒருமுறை கலந்தார். அந்த வழி வந்தவற்றை டால்மேஷியன் என்று ஏற்றுக்கொள்வதா என்ற சர்ச்சையே பல பத்தாண்டுகள் நீடித்தது.

இனமா, கலப்பா என்பதைவிட, வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முன் எதை உங்கள் கண்ணாலேயே பார்க்க முடிகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எட்டு வாரக் குட்டியிடம் குணம் என்று பார்ப்பதற்கு அதிகம் இருக்காது. தாயையும், முடிந்தால் தகப்பனையும், அது பிறந்து வளர்ந்த இடத்தையும்தான் பார்க்க முடியும். மூன்று வயது நாயிடம் அதன் பெற்றோர் யார் என்பது தெரியாமல் போகலாம்; ஆனால் அந்த நாய் முழுமையாக உங்கள் முன்னால் நிற்கிறது. அதன் உயரம், சுறுசுறுப்பு, அந்நியரிடமும் குழந்தைகளிடமும் அது நடந்துகொள்ளும் விதம் எல்லாமே இரண்டு மூன்று முறை போய்ப் பழகினால் தெரிந்துவிடும். முதன்முதலாக நாய் வளர்க்கும் உங்கள் வீட்டுக்கு இரண்டு வயது கடந்த காப்பகத்து நாயையே நான் சொல்வேன். அதுவும் கூண்டிலிருந்து நேரடியாக அல்லாமல், சில வாரங்களாவது தன்னார்வலர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்த நாயாக இருந்தால் நல்லது.

கூண்டில் காணும் நாய் அதன் உண்மையான வடிவம் அல்ல. காப்பகத்துக்கு வந்த முதல் சில நாள்களில் நாய்களின் உடலில் கார்ட்டிசால் என்னும் பதற்றச் சுரப்பு மிக அதிகமாக இருப்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஓரிரு இரவுகள் யாராவது வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டால் அது குறைவதையும், திரும்பக் காப்பகத்தில் விட்டதும் பழைய அளவுக்கு ஏறிவிடுவதையும் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கம்பியில் பாய்ந்து பாய்ந்து குரைக்கும் அதே நாயை வெளியே அழைத்துப்போய் இருபது நிமிடம் நடக்கவிடுங்கள். முதலில் தரையை மோந்துகொண்டே இழுக்கும். பிறகு நடை தளரும். ஒரு கட்டத்தில் நின்று, திரும்பி, உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த இடத்திலிருந்துதான் நீங்கள் அதை எடைபோடத் தொடங்க வேண்டும்.

மகளை முதல் முறையே கூட்டிப்போக வேண்டாம். ஏதாவது ஒரு நாயை அவள் கைகாட்டிவிட்டால் பிறகு உங்களால் மறுக்க முடியாது. இரண்டாம் முறை கூட்டிப்போய், அவளை ஓரிடத்தில் அமரவைத்து, நாய் தானாக வருகிறதா என்று பாருங்கள். உடம்பு இளகி, வாலோடு பின்னுடலும் சேர்ந்து ஆடினால் நல்லது. தலையைத் திருப்பிக்கொண்டு, உதட்டை நக்கி, கடைக்கண்ணில் வெள்ளை தெரிய நின்றால் அது சாதுவாக நிற்கவில்லை, பொறுத்துக்கொண்டு நிற்கிறது. காப்பகத்தாரிடம் “நல்ல நாயா?” என்று கேட்டுப் பயனில்லை. யாரையாவது கடித்திருக்கிறதா, எந்தச் சூழ்நிலையில், இதற்குமுன் யாராவது அழைத்துப்போய்த் திருப்பிவிட்டார்களா, ஏன் என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு காப்பகம் பாருங்கள். அட்டையில் எழுதியிருக்கும் 'லாப்ரடார் கலப்பு' என்பது பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் சொன்ன ஊகம், டி.என்.ஏ. சோதனையோடு ஒப்பிட்டபோது அத்தகைய ஊகங்கள் அடிக்கடி தவறியிருக்கின்றன.

குட்டிதான் வேண்டும் என்று முடிவானால் அதற்காக நீங்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. எப்போதாவது ஒரு ஈற்று எடுத்து, பெற்றோரைப் பரிசோதித்து, “எந்த வயதிலும் வளர்க்க முடியாமல் போனால் என்னிடமே கொண்டுவந்து விடுங்கள்” என்று எழுதிக்கொடுப்பவரால் காப்பகங்கள் நிரம்புவதில்லை. அப்படிப்பட்டவரிடம் காத்திருக்க நேரிடும், அவரே உங்களைப் பல கேள்விகள் கேட்பார்.

கேள்வி: விளம்பரம் பார்த்து ஒருவரிடம் பேசினேன். குட்டிக்கு இரண்டு மாதம் என்கிறார், வம்சாவளிச் சான்றும் இருக்கிறதாம். தாய் நாய் தொலைவில் இருப்பதால் குட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: கூடாது. தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர்கள் விற்பதே சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. பிறந்த இடத்தில் தாயோடு சேர்த்துத்தான் காட்டியாக வேண்டும். குட்டி உற்பத்திக் கூடம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரால் அந்தச் சட்டம் அறியப்படுகிறது.

தாயைப் பார்ப்பது சம்பிரதாயம் அல்ல. ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரையிலான காலத்தில்தான் மனிதர்களும் ஓசைகளும் அச்சமூட்டுபவை அல்ல என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. நீங்கள் அழைத்து வருவதற்குள் அதில் பாதி போய்விடும். அந்த வாரங்களை இருட்டுக் கொட்டகையில் கழித்த குட்டிக்கும், ஆட்கள் நடமாடும் வீட்டில் கழித்த குட்டிக்கும் உள்ள வேறுபாட்டை எந்தச் சான்றிதழும் சொல்லாது. வம்சாவளிச் சான்று பெற்றோர் யார் என்பதை மட்டுமே சொல்கிறது. அவை நோயற்றவை என்று அது சொல்லவில்லை. இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் இனமானால் பெற்றோரின் எக்ஸ்ரே அறிக்கையைக் கேளுங்கள். அமெரிக்காவில் இதற்கென்றே உள்ள விலங்கு எலும்பியல் அமைப்பு, 24 மாதம் நிறைந்த நாய்க்குத்தான் இறுதிச் சான்று வழங்குகிறது.

குட்டியின் வயதையும் நீங்களே ஓரளவு சரிபார்க்கலாம். உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். எட்டு வாரத்தில் ஊசிபோன்ற 28 பால்பற்களும் முளைத்திருக்க வேண்டும். கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறாக இருந்தால், தாயிடமிருந்து முன்னதாகவே பிரித்துவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். பார்வோ வைரஸ் தொற்றினால் அறிகுறி தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும் என்பதால், வாங்கும் நாளில் துள்ளி விளையாடிய குட்டி அந்த வாரமே வாந்தியும் இரத்தபேதியுமாகச் சுருண்டுவிடக்கூடும். மெலிந்து கிடக்கும் குட்டியைப் பார்த்து இரக்கப்பட்டு வாங்கினீர்களானால், அடுத்த ஈற்றுக்கு முதல் போடுபவர் நீங்கள்தான். அத்தகைய இடத்தைப் பற்றி விலங்கு நல அதிகாரிகளிடம் புகார் கொடுங்கள்.

கேள்வி: காப்பகத்திலிருந்து நான்கு வயதுப் பெட்டை நாயை அழைத்து வந்து பத்து நாளாகிறது. பகல் முழுவதும் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. நாங்கள் தூங்கிய பிறகுதான் சாப்பிடுகிறது. எங்களை அதற்குப் பிடிக்கவில்லையோ? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: இரவில் வந்து சாப்பிடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே எனக்கு நல்ல செய்தியாகத் தெரிகிறது. மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பழகும், மூன்று மாதத்தில் வீட்டு நாயாகிவிடும் என்று மீட்புப் பணியில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது அனுபவக் கணக்குதான். சில நாய்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். கடிப்பது, குழந்தையைப் பார்த்து உறுமுவது போன்றவை இருந்தால் உடனே காப்பகத்தாரிடம் பேச வேண்டும், அப்போது திருப்பிக் கொடுப்பதிலும் தவறில்லை. ஒளிந்திருப்பதற்காக மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

குனிந்து கூப்பிடுவதையும் கையை நீட்டுவதையும் வெளியே இழுப்பதையும் நிறுத்துங்கள். விருந்தினர் யாரும் இந்த மாதம் அதைப் பார்க்க வர வேண்டாம். தட்டைக் கட்டிலின் விளிம்பில் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி, அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் தட்டை ஒரு சாண் மட்டும் நகர்த்துங்கள். இதற்கிடையில் உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப் புழுவுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் பயம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் சோர்வு சில வேளைகளில் நோயாகவும் இருக்கும். வாசல் கதவைத் திறக்கும்போது மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். புதிதாக வந்த நாய் பயந்து வெளியே ஓடிவிட்டால் கூப்பிட்டாலும் திரும்ப வருவதற்கு உங்கள் குரல் அதற்கு இன்னும் பழகவில்லை.