சுருங்கியதுதான் அசல் கம்பளி

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமனாருக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கினார்களாம், ஒன்று 1,900 ரூபாய், இன்னொன்று 550. இரண்டையும் ஒன்றாக வாஷிங் மெஷினில் சுடுதண்ணீர் வைத்துப் போட்டிருக்கிறார். விலை கூடியது அவருடைய ஆறு வயதுப் பையனுக்கே பத்தாத அளவுக்குச் சுருங்கி, அட்டை மாதிரி விறைத்துவிட்டது. மலிவானதற்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டியதோடு சரி. "கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? சுருங்கியதை மீட்க முடியுமா? அடுத்த முறை எப்படிப் பார்த்து வாங்குவது?" என்று கேட்கிறார்.

ஏமாற்றவில்லை. சொன்னால் வயிறெரியும், ஆனால் சுருங்கியதுதான் அசல் ஆட்டு ரோமம். சுருங்காமல் வந்தது அநேகமாக அக்ரிலிக், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் செயற்கை இழை.

ரோமத்தைப் பூதக்கண்ணாடியில் அல்ல, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். மீனுக்கு இருப்பதுபோல ஒவ்வொரு இழையின் மேலும் செதில்கள் அடுக்கியிருக்கும், எல்லாம் வேரிலிருந்து நுனிப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். தண்ணீரும் சூடும் சோப்பும் சேர்ந்து இழையை இளக்கிவிட்ட நேரத்தில் மெஷின் அதைப் போட்டுப் புரட்டினால், ஒவ்வொரு இழையும் வேர்ப் பக்கமாக மட்டும் நகரும், திரும்பி வராது, பக்கத்து இழையின் செதில் தடுத்துவிடும். இப்படி ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து இறுகிப்போவதைத்தான் நீங்கள் சுருக்கம் என்கிறீர்கள். காஷ்மீரில் நம்தா விரிப்புச் செய்கிறவர்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள், தறியே இல்லாமல், ரோமத்தைப் பரப்பி நனைத்து உருட்டி உருட்டி. சூட்டைவிட இந்தப் புரட்டல்தான் பெரிய எதிரி. பச்சைத் தண்ணீரில் போட்டாலும் மெஷின் அடித்து அடித்துப் புரட்டினால் சுருங்கும்.

மீட்பதைப் பற்றி. லேசாகச் சுருங்கியிருந்தால், தலைக்குப் போடும் கண்டிஷனரை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, தட்டையாக விரித்து, எல்லாப் பக்கமும் மெதுவாக இழுத்துவிட்டால் ஒரு அளவு இளகிக் கொடுக்கும். உங்களுடையது அட்டையாகிவிட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். அது இனிமேல் ஸ்வெட்டராகாது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடைசியில் சொல்கிறேன்.

சரி, கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் திபெத்தியர்கள் விற்கும் ஸ்வெட்டர்களில் நிறைய லூதியானாவிலிருந்து வருகிறது. இங்கே பின்னியது என்று யாராவது சொன்னால் ஒரு புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வியாபாரத்தில் 'கேஷ்மிலான்' என்று ஒரு சொல் புழங்குகிறது. காஷ்மீர், கேஷ்மியர் என்று ஏதோ உயர்ந்த ஆட்டு ரோமம் போலக் காதில் விழும். உண்மையில் அது ஒரு ஜப்பானியக் கம்பெனி தன் அக்ரிலிக் இழைக்கு வைத்த பெயர், இங்கே வந்து எல்லா அக்ரிலிக் நூலுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. "ப்யூர் உல்லன் சார், கேஷ்மிலான்" என்று என்னிடமே ஒருவர் முகம் மாறாமல் சொன்னார். நூல் வியாபாரத்தில் பாதி வயதைக் கழித்தவனிடம்!

வீட்டுக்கு வந்த பிறகு உறுதி செய்ய வழி இருக்கிறது. உள் தையலிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி தீயைக் கண்டால் சுருண்டு விலகும், மெதுவாக எரியும், நெருப்பை எடுத்ததும் தானே அணைந்துவிடும். முடி பொசுங்குகிற நாற்றம் வரும், கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் குபுகுபுவென்று புகையோடு எரிந்து உருகி, கறுப்பாக ஒரு கெட்டி உருண்டையாக நிற்கும், நகத்தால் அமுக்கினாலும் உடையாது. உருகிய சொட்டு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், கவனம். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனையும் சாம்பல் நிறத் தூளும்.

கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் என்றால் தீயில் குழப்பும். அதற்கு, வெள்ளை வேட்டிக்குப் போடும் திரவ ப்ளீச்சைத் தண்ணீர் சேர்க்காமல் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, ஒரு துண்டு நூலைப் போட்டு வையுங்கள். கம்பளி நுரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தே போகும். அக்ரிலிக் அப்படியே கிடக்கும். மிச்சம் எவ்வளவு என்று பார்த்தாலே கலப்படம் தெரிந்துவிடும். (அந்த ப்ளீச்சோடு கழிவறை ஆசிட் எதையும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். கம்பளித் துணிக்கு ப்ளீச் ஏன் ஆகாது என்பதும் இப்போது புரிந்திருக்கும்.)

அதற்காக அக்ரிலிக்கை நான் மட்டம் தட்டவில்லை. குழந்தைகள் பள்ளிக்கூடம் போட்டுப்போக, தினமும் துவைக்க, அந்துப்பூச்சி அரிக்காமல் இருக்க அதுதான் லாயக்கு. பிசிறு உருண்டைகளை ரேஸரால் பதமாக வழித்துவிட்டால் போதும். ஆனால் உங்கள் மாமனார் விஷயம் வேறு. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, தொட்டால் நனைந்தது தெரியாமலே, உள்ளே வாங்கிக்கொள்ளும். வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியே விடும். வீட்டுக்குள்ளிருந்து காலையில் மூடுபனிக்குள் இறங்குகிறவருக்கு அந்தச் சூடு நன்றாகவே தெரியும். அக்ரிலிக் ஈரத்தை உள்ளே வாங்குவது மிகக் குறைவு, மேட்டில் ஏறி வியர்த்தால் உள்ளே சில்லென்று பிசுபிசுக்கும். இன்னொன்று, வீட்டில் யாராவது விறகடுப்பிலோ கணப்புப் பக்கத்திலோ உட்காருகிறவர்களாக இருந்தால் அவர்களுக்கு அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். ஒரு பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும்.

நம் ஊரிலேயே கம்பளி இருக்கிறதே என்பீர்கள். ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் ஆட்டுப் பண்ணை இருக்கிறது, கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமே இருக்கிறது. ஆனாலும் நீலகிரித் தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்குளி என்கிற சால்வை முரட்டுப் பருத்தித் துணிதான், சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிற நூல்தான் கம்பளி. அதைக் கம்பளிச் சால்வை என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு.

அடுத்து வாங்கும் கம்பளியை இப்படித் துவையுங்கள். பக்கெட்டில் கை சுடாத தண்ணீர், கம்பளிக்கென்றே விற்கும் திரவ சோப்பு. சாதாரண வாஷிங் பவுடர் பலவற்றில் புரதத்தைக் கரைக்கும் என்சைம் இருக்கிறது, கம்பளியே புரதம்தான். பத்து நிமிஷம் ஊறவிட்டு அமுக்கி அமுக்கி எடுங்கள், கசக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். பிறகு பூத்துண்டின் மேல் விரித்து, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். தண்ணீர் எல்லாம் துண்டுக்குப் போய்விடும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் முழங்கால் வரை இறங்கும், அதனால் கயிற்றுக் கட்டிலிலோ பெரிய முறத்திலோ தட்டையாகக் காயவையுங்கள். ஐப்பசி மழையில் உங்கள் ஊரில் மூன்று நாள் கூட ஆகலாம், அவசரப்பட்டு அடுப்படியில் போடாதீர்கள். லேபிளில் மெஷினில் துவைக்கலாம் என்று இருந்தால், செதில்களைக் குளோரின் வைத்து மழுக்கி மேலே பூச்சுக் கொடுத்த கம்பளி என்று பொருள், அதைத் தாராளமாகப் போடலாம்.

அந்தச் சுருங்கிய ஸ்வெட்டருக்கு வருகிறேன். இழைகள் இறுகிவிட்டதால் எங்கே வெட்டினாலும் கண்ணி அவிழாது, ஓரம் அடிக்கத் தேவையில்லை. மாமனாருடைய கம்பூட்டை அதன்மேல் வைத்துப் பேனாவால் வரைந்து, கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி கத்தரியால் வெட்டி, உள்ளங்காலுக்குப் போட்டுக் கொடுங்கள். கை இரண்டும் மிச்சமிருக்கும், பையனுக்கு ஒரு குல்லாய் ஆகும்.