கனடா அம்ப் யாழ்ப்பாணத்தில் வேலை செய்யுமா?

சகோதரி, கணவரின் பிறந்தநாளுக்கு எலெக்ட்ரிக் கிற்றார் அம்ப் (கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி) ஒன்றை கனடாவில் இருக்கும் அக்கா மூலம் எடுப்பிக்கலாமா, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீடுகள் நெருக்கம், சத்தம் பிரச்சினையாகுமா என்று கேட்டிருந்தீர்கள்.

அக்காவிடம் முதலில் மின்சாரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அங்கத்தைய அம்பை நேரே செருகினால் பெரும்பாலும் அன்றைக்கே புகைதான். வோல்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் போடலாம், ஆனால் பரிசோடு அந்தப் பாரப்பெட்டியையும் யார் தூக்கித் திரிவது? அடாப்டரில் 100-240 என்று அச்சடித்திருந்தால் பயமில்லை, பிளக்கை மாற்றினால் போதும். இல்லாவிட்டால் கொழும்பிலேயே வாங்குங்கள், பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்கவும் இடமிருக்கும்.

வாட் கூடினால் நல்லது என்று கடைக்காரர் சொல்வார். நம்பாதீர்கள். அறைக்குள் வாசிக்க 10, 20 வாட்டே தாராளம். எனக்குப் பிடித்தது போஸ் (Boss) கட்டானா 50 என்ற அம்ப். பெயருக்கு 50 வாட் என்றாலும் 0.5 வாட்டுக்கு இறக்கலாம், ஹெட்போன் துளையும் உண்டு. வால்வ் அம்ப், அதாவது கண்ணாடிக் குழாய்கள் வைத்த பழைய வகை, வேண்டாம். அதன் அருமை சத்தமாக வைத்தால்தான் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடும்.

அப்புறம், அவர் கோயில் பஜனைக்கோ சேர்ச்சுக்கோ பிக்கப் (கம்பியின் ஒலியை அம்புக்கு அனுப்பும் கருவி) வைத்த அக்குஸ்டிக் கிற்றாரும் வாசிப்பவரென்றால் சொல்லுங்கள், அதற்கு வேறு வகை அம்ப். கிற்றாரை அம்போடு இணைக்கும் கேபிள் பெட்டிக்குள் வராது, 3 மீற்றரில் ஒன்று தனியாக வாங்கி வையுங்கள்.