ஓய்வுபெற்ற அப்பாவுக்குப் பகல் பொழுது போக என்ன செய்யலாம்?

செய்தித்தாளை இரண்டு தடவை படித்துவிட்டு மீதிப் பகலை எப்படி ஓட்டுவது என்று அப்பா திணறுகிறார் என்கிறீர்கள். மாடித்தோட்டம், நடைப்பயிற்சி எல்லாம் நல்லதுதான், ஆனால் காலையிலேயே முடிந்துவிடும். படிக்கிற ஆள் என்பதால் தமிழ் விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சொல்லுங்கள். நாட்டுடைமையான பழைய நூல்களை ஸ்கேன் செய்து அங்கே ஏற்றியிருக்கிறார்கள், படத்திலிருந்து எழுத்தைக் கணினியே பிரித்தெடுத்துவிடும், ஆனால் துணைக்காலை 'ர' என்று படித்துவைப்பது மாதிரி அசட்டுத் தப்புகள் வரும். படத்தையும் எழுத்தையும் ஒப்பிட்டுத் திருத்திச் சேமித்தால் அந்தப் பக்கத்தின் நிலையைக் காட்டும் நிறம் சிவப்பிலிருந்து மஞ்சளாகும், அப்புறம் வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. காசு கிடையாது, கெடுவும் கிடையாது, அரைப் பக்கத்தோடு எழுந்து போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள் (காலமெல்லாம் மேலதிகாரிக்குப் பதில் சொன்னவருக்கு இதைவிட என்ன வேண்டும்!).

கைபேசி வேண்டாம், கண் வலிக்கும், மடிக்கணினிதான் சரி. தட்டச்சு தெரியாதென்றால் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைப் பழக்குங்கள், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம், சீக்கிரம் பிடிபடும். முதலில் உரைநடை நூலாகக் கொடுங்கள், செய்யுள் என்றால் வரிகளைப் பிரிக்கும் குறியீடுகளே புதியவரைப் படுத்திவிடும்.