ஒற்றைத் தாள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

இஸ்தான்புல் அரண்மனையில் வரைந்த பழைய துருக்கிய ஓவியம் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். சக்கரம் வைத்த வண்டியில் உலை, அதைச் சுற்றிக் கண்ணாடி ஊதுகிறவர்கள். பெரிதாக அச்சிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்ட ஆசை. ஆனால் பின்னால் இருக்கும் கட்டடமும் தூண்களும் அலுப்பாக இருக்கின்றன, முகங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இதைவிட நல்ல தனிப்படம் ஒன்று சொல்வீர்களா? இன்னொன்று, இஸ்லாத்தில் உருவம் வரையக் கூடாது என்பார்களே, சுல்தானே எப்படி வரையச் சொன்னார்?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் நானும் பழைய துருக்கிய ஓவியப் புத்தகங்களோடுதான் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவும் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உருவம் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். குர்ஆன் பிரதிகளில் உருவம் கிடையாது. பொன்னிலும் நீலத்திலும் கொடியும் பூவும்தான், அந்த வேலைக்குத் துருக்கியில் தெஸ்ஹிப் என்று பெயர். உருவங்கள் வந்தது கதையிலும் வரலாற்றிலும், அதுவும் அரண்மனைக்குள் வைத்துப் புரட்டிய புத்தகங்களில். நபிகளின் வாழ்வைச் சொல்லும் சியர்-இ நெபியில்கூட அவர் முகத்தை வெள்ளைத் திரையால் மறைத்துத்தான் வரைந்தார்கள். முகங்கள் ஒன்றுபோல இருக்கின்றன என்பது அவசரப் பார்வை, அதை விடுங்கள்.

'தனிப்படம்' என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

நீங்கள் பார்த்தது சூர்நாமே-இ ஹுமாயூனில் இருக்கிற காட்சி. 1582-ல் துருக்கிய சுல்தான் மூன்றாம் முராத் தன் மகன் மெஹ்மெத்தின் சுன்னத்துக்கு ஐம்பது நாளுக்கு மேல் விழா எடுத்தார். அந்த விழாவின் கதைதான் புத்தகம், நக்காஷ் உஸ்மான் என்ற ஓவியர் தலைமையில் வரைந்தது. விரித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே காட்சி. இப்ராஹிம் பாஷா அரண்மனை, மாடத்தில் சுல்தான், விருந்தினருக்குக் கட்டிய அடுக்குப் பரண், திடலில் எகிப்திலிருந்து வந்த கல்தூணும் பாம்புத் தூணும். தாளைத் திருப்புங்கள், அதே மாடம், அதே தூண். இன்னொரு தாள், மறுபடியும் அதே. திடலில் வருகிறவர்கள் மட்டும் மாறுகிறார்கள். இப்போது கண்ணாடிக்காரர்கள், அப்புறம் இன்னொரு இரட்டைப் பக்கத்தில் சுலைமானியா மசூதியின் மாதிரியைச் சுமந்துகொண்டு கட்டடக்காரர்கள். நாம் திண்ணையில் இருக்கிறோம், ஊர்வலம் நம்மைத் தாண்டிப் போகிறது. நீங்கள் அலுப்பு என்று சொன்ன அந்தக் கட்டடம் இல்லையென்றால் ஊர்வலமே இல்லை! ஒரு தாளை மட்டும் உருவிப் பார்த்தால் அலுக்கத்தான் செய்யும்.

உருவிப் பார்த்தவர்கள் உங்களுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். பாரசீகத்தின் மன்னர் ஷா தஹ்மாஸ்ப் வரையச் செய்த ஷாநாமா என்ற அரசர் காவியப் பிரதியில் 258 ஓவியங்கள். 1568-ல் அது சுல்தான் இரண்டாம் செலீமுக்குப் பரிசாக வந்தது, பல தலைமுறை இஸ்தான்புல் அரண்மனையிலேயே இருந்தது. 1800 வாக்கில் அங்கே துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாக இருந்த மெஹ்மெத் ஆரிஃப் என்பவர், ஓவியங்களை மூடியிருந்த காப்புத்தாள்களில் அந்தந்த இடத்துக் கதையைத் துருக்கி மொழியில் எழுதிவைத்தார். பாரசீகம் தெரியாத ஒருவன் வெறும் படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது என்று அந்த மனிதர் தவித்திருக்க வேண்டும். நினைத்தாலே எனக்குக் கண் கலங்குகிறது. 1959-ல் அதை வாங்கிய ஆர்தர் ஹோட்டன் என்ற அமெரிக்கர் தையலைப் பிரித்தார். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு 78 ஓவியம் போனது, மற்றவை ஏலத்திலும் கைமாற்றிலும் சிதறின. மிச்சமிருந்த 118 ஓவியங்களும் எழுத்துத் தாள்களும் அட்டையும் 1994-ல், டி கூனிங் என்ற நவீன ஓவியர் வரைந்த ஒரே ஓவியத்துக்குப் பண்டமாற்றாக, ஈரானுக்குத் திரும்பின. பாதி வழியில் நின்ற கதைகள் ஊர் ஊராகச் சட்டம் போட்டுத் தொங்குகின்றன, அவற்றைப் பார்த்து நாமும் அழகு அழகு என்கிறோம்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் ஆச்சிக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது. வார இதழில் வந்த சரித்திரத் தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தாள், சாயங்காலம் நான் வாசிக்க வேண்டும். அதில் ஒரு குதிரைவீரன் படம். பள்ளிக்கூட ஆல்பத்தில் ஒட்டுவதற்காக பிளேடால் அறுத்தெடுத்துவிட்டேன். பின்பக்கத்தில் கதை இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு வாசிக்கும்போது அந்த ஓட்டையைத் தாண்டிப் போய்விடப் பார்த்தேன். "என்னல, நடுவுல கொஞ்சத்த விட்டுட்டியா?" என்றாள். கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள், தாளைத் தடவினாள், அறுபட்ட விளிம்பில் விரல் நின்றது. திட்டவில்லை. "அந்தக் குதிரை எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை ஆசையாக அறுத்தெடுத்தவனுக்கு அது தெரியவில்லை, தம்பி.

சியர்-இ நெபியின் கதையைத் துருக்கி மொழியில் சொன்னவரும் பார்வையில்லாதவர்தான். எர்சுரூமைச் சேர்ந்த முஸ்தபா, தரீர் என்பது அவர் பட்டப்பெயர், பொருளே குருடர். கெய்ரோவை ஆண்ட சுல்தான் பர்கூக்குக்காக 1388 வாக்கில் முடித்தார். இருநூறு வருஷம் கழித்து மூன்றாம் முராத் அதை ஆறு தொகுதியாக எழுதி வரையச் சொன்னார். 814 ஓவியங்கள்! கண்ணில்லாத ஒருவர் சொன்ன சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த ஓவியர்கள் ஒவ்வொன்றையும் வரைந்திருக்கிறார்கள். இன்று அதன் மூன்று தொகுதி இஸ்தான்புல்லில், ஒன்று டப்ளினில், ஒன்று நியூயார்க்கில். ஐந்தாவது தொகுதி போய்விட்டது.

சரி, கூடத்தில் மாட்டத்தான் வேண்டும் என்றால் இரண்டு பக்கத்தையும் பிரிக்காமல் அச்சிடுங்கள். கண்ணாடிக்காரர்களுக்கு அடுத்து யார் வருகிறார்கள் என்று தேடிப் பிடித்து அந்த இரட்டைப் பக்கத்தையும் அருகிலேயே மாட்டுங்கள்.

அன்புடன்.