ஆறு வற்றிப்போன பிறகு

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

எட்டு மாதமாக எனக்கு வேலை இல்லை. வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்தான். ஆரம்பத்தில் தைரியமாகத்தான் ஜெபித்தேன். இப்போது சேமிப்பும் கரைந்துகொண்டு வருகிறது. சபையில் ஒருவர், "விசுவாசம் இருந்தால் கர்த்தர் இதற்குள் வாசலைத் திறந்திருப்பார், உங்களை ஆராய்ந்து பாருங்கள்" என்றார். இன்னொருவர், காப்பீட்டுத் தவணை கட்டுவதே கர்த்தரை நம்பாததுதான் என்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். 'கவலைப்படாதிருங்கள்' என்ற வசனம் முன்பு ஆறுதலாக இருந்தது. இப்போது என்மேல் சுமத்தும் குற்றமாகக் கேட்கிறது. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தை இன்று ஒரு தடவை வாசியுங்கள். பஞ்சக் காலத்தில் தீர்க்கதரிசி எலியாவுக்குக் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் 7ஆம் வசனத்தில் யாரும் நிற்பதில்லை. மழை பெய்யாததால், சில நாளுக்குப் பிறகு அந்த ஆறு வற்றிப்போயிற்று என்கிறது அந்த வசனம். கேரீத் ஆற்றண்டைக்குப் போ என்று எலியாவை அனுப்பியவர் கர்த்தர். அந்த ஆற்றின் தண்ணீரைக் குடிப்பாய் என்று சொன்னவரும் அவரே. அந்த ஆறுதான் வற்றியது.

ஆறு ஒரே நாளில் வற்றிவிடாது. முதலில் ஓட்டம் மெலியும். பிறகு கற்கள் வெளியே தெரியும். அப்புறம் அங்கங்கே குட்டையாகத் தேங்கி நிற்கும். கடைசியில் மணலைக் கையால் தோண்டி, ஊறும்வரை காத்திருந்து குடிக்க வேண்டும். எலியா இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்திருப்பார். சாறிபாத் என்ற ஊருக்குப் போ என்ற வார்த்தை 8ஆம் வசனத்தில்தான் வருகிறது, ஆறு வற்றிய பிறகு.

எலியாவின் விசுவாசம் குறைந்ததால் ஆறு வற்றியது என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. மழை இல்லை, அதனால் வற்றியது. அவ்வளவுதான். கீழ்ப்படிந்து நின்ற இடத்திலேயே ஒரு மனிதனுக்குத் தண்ணீர் தீர்ந்துபோகலாம். உங்களை ஆராய்ந்து பார்க்கச் சொன்ன சகோதரர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் குற்றமில்லாமலே எல்லாவற்றையும் இழந்த யோபுவிடம் அவருடைய நண்பர்களும் அதையேதான் சொன்னார்கள். கர்த்தர் அவர்களைக் கடிந்துகொண்டார்.

சாறிபாத்தில் நடந்ததையும் பாருங்கள். எலியாவைப் பராமரிக்கக் கர்த்தர் வைத்திருந்தது ஒரு விதவையை. கடைசி வேளைச் சமையலுக்கு இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவள் அவள். அவளுடைய பானை நிரம்பி வழிந்தது என்று வேதம் சொல்லவில்லை. மா செலவழிந்துபோகவில்லை, எண்ணெய் குறைந்துபோகவில்லை என்றுதான் சொல்கிறது. ஒவ்வொரு காலையும் அவள் பானைக்குள் கைவிட்டுத் துழாவித்தான் அன்றைய அப்பத்துக்கு மா எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த மன்னா என்ற அப்பமும் அப்படித்தான், மறுநாளைக்கென்று எடுத்துவைத்தது பூச்சி பிடித்து நாறியது. அவருடைய பராமரிப்பு பெரும்பாலும் ஒரு நாள் அளவில்தான் வருகிறது. நமக்கு வருஷக் கணக்கில் வேண்டியிருக்கிறது. அதனால் வந்ததை வரவில்லை என்று எண்ணிவிடுகிறோம். இந்த எட்டு மாதத்தை அந்தக் கண்ணோடு ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இதைச் சொல்லிவிட்டு, கஷ்டமானதையும் சொல்ல வேண்டும். அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில் ஏரோது ராஜா யாக்கோபைப் பட்டயத்தால் கொல்லுகிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். இருவரும் அப்போஸ்தலர்கள், இருவரையும் அதே கர்த்தர்தான் நேசித்தார். ஏன் ஒருவருக்கு மட்டும் கதவு திறந்தது? வேதம் காரணம் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன்.

ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததற்கு உதாரணமாக எல்லாரும் ஜார்ஜ் முல்லரைச் சொல்வார்கள். பிரிஸ்டலில் 1836ல் அநாதைப் பிள்ளைகளுக்காக வீடு திறந்தவர். மனிதரிடம் பணம் கேட்காமல் ஜெபித்தே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தவர். அந்த வீட்டைத் திறப்பதற்கு முந்தின வருஷம்தான் அவர் தன் ஒரு வயது மகனை அடக்கம் பண்ணியிருந்தார். அந்தக் குழந்தையின் பெயரும் எலியாதான். 1870ல் மனைவி மேரி இறந்தபோது, அடக்க ஆராதனையில் அவரே பிரசங்கித்தார். எடுத்த வசனம், 'தேவரீர் நல்லவரும் நன்மை செய்கிறவருமாயிருக்கிறீர்' என்ற 119ஆம் சங்கீத வசனம். கேட்டதெல்லாம் கிடைத்ததால் அவர் அதைச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்ட 'எதை வைத்து' என்பதற்கு என் பதில் ரோமர் 8ல் இருக்கிறது. சொந்தக் குமாரனென்றும் பாராமல் அவரை நமக்காக ஒப்புக்கொடுத்தவர், மற்றவற்றைத் தராதிருப்பது எப்படி என்று பவுல் கேட்கிறார். உடனே அடுத்த சில வரிகளில் உபத்திரவம், பசி, நிர்வாணம், பட்டயம் என்று அடுக்குகிறார். பசி வராது என்று அவர் சொல்லவில்லை. வந்தாலும் கிறிஸ்துவின் அன்பிலிருந்து அது நம்மைப் பிரிக்காது என்கிறார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நான் எழுதுவது சிலுவையை வைத்துத்தான். என் வீட்டு வரவு செலவை வைத்து எழுதினால் மாதத்துக்கு ஒரு பதில் எழுத வேண்டியிருக்கும்.

காப்பீடு விஷயம் பெரிதில்லை. எகிப்தில் யோசேப்பு, வரப்போகிற பஞ்சத்துக்காக, செழிப்பான ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தார், அது தேவன் கொடுத்த ஞானம். முடிந்தவரை கட்டுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக் கணக்கு வேறு விஷயம். 'கவலைப்படாதிருங்கள்' என்று சொன்ன இயேசு காரணத்தையும் சேர்த்தே சொன்னார். இவையெல்லாம் உங்களுக்கு வேண்டுமென்று உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார் என்றார். பயந்துபோயிருக்கிற பிள்ளையிடம் பேசுகிற பேச்சு அது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் அவரே மிகவும் வியாகுலப்பட்டார். அதனால் தூக்கம் வராததைப் பாவக்கணக்கில் எழுதாதீர்கள். கணக்குப் போட்ட அந்தக் காகிதத்தையே எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொகையாகச் சொல்லி ஜெபியுங்கள். பள்ளிக் கட்டணம், வாடகை, மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவருக்கு அது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று. உங்கள் நிலைமை சபையில் யாருக்காவது முழுசாகத் தெரியுமா? வேலை இல்லை என்று தெரிந்திருக்கும். சேமிப்பு தீர்கிறது என்று தெரியாது என்றே நினைக்கிறேன். 'என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்' என்ற வசனத்தை நாம் காலண்டரில் மாட்டிவைக்கிறோம். பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதினார், பிலிப்பியர் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லும்போது. அந்த உதவியை எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்தார், வந்த இடத்தில் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாய்ப் போனார். பவுல் அந்தக் கையை வேண்டாம் என்று தள்ளவில்லை. வெட்கப்படவும் இல்லை. சகோதரனுக்குச் சாப்பாடு இல்லாதபோது 'சமாதானத்தோடே போங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று, நிருபம் எழுதிய இன்னொரு யாக்கோபு சபையைப் பார்த்துத்தான் கேட்கிறார். அந்தக் கேள்வி அவர்களைத் தொடவேண்டுமானால், உங்கள் தேவை அவர்களுக்குத் தெரியவேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரிடமோ, நீங்கள் நம்புகிற ஒரு மூப்பரிடமோ தனியாக உட்கார்ந்து, மாதம் எவ்வளவு தேவை, கையில் எவ்வளவு இருக்கிறது என்று தொகையோடு சொல்லுங்கள். மனைவியையும் கூட அழைத்துப் போங்கள். விண்ணப்பம் அனுப்புவதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அதை எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

ஜெபத்துடன்,
அக்கா