வீட்டுக் கடனை மாற்றும் முன் அம்மாவின் பங்கைப் பாருங்கள்

கேள்வி: திருச்சியில் நானும் அம்மாவும் கூட்டாக வாங்கிய வீட்டுக்கு 2017-இல் ஒரு வீட்டு வசதி நிதி நிறுவனத்தில் இருவரும் சேர்ந்து கடன் பெற்றோம். மாறுபடும் வட்டி, இப்போது 9.6 சதவீதம். இன்னும் 28 லட்சம் ரூபாய் பாக்கி. 12 ஆண்டுகள் கட்ட வேண்டும். ஒரு வங்கி 8.2 சதவீத வட்டிக்குக் கடனை மாற்றிக்கொள்ளவும், என் மகளின் படிப்புக்காக 5 லட்சம் ரூபாய் டாப்-அப் கடன் (அதே வீட்டின் பிணையில் தரும் கூடுதல் கடன்) தரவும் முன்வந்துள்ளது. அப்பா முன்பே இறந்துவிட்டார். சென்ற ஆண்டு அம்மாவும் காலமானார். உயில் எதுவும் இல்லை. எனக்கு ஒரே தங்கை, திருமணமாகிக் கோவையில் இருக்கிறார். கடனை மாற்றலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் கணக்கின்படி, டாப்-அப்பைச் சேர்க்காமல் 28 லட்சத்துக்கு மட்டும் மாதத் தவணை ஏறத்தாழ 2,200 ரூபாய் குறையும். அது சிறிய தொகை அல்ல. ஆனால், கடனை மாற்றுவது என்பது பழைய அடமானத்தை முடித்துவிட்டு உங்கள் வீட்டின் மீது புதிதாக ஓர் அடமானம் ஏற்படுத்துவதாகும். புதிய வங்கியின் வழக்கறிஞர் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி அனைத்தையும் முதலிலிருந்து சரிபார்ப்பார். 2017-இல் இல்லாத ஒரு கேள்வி இப்போது எழும்: அம்மாவின் பங்கு யாருக்கு?

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 உங்களுக்குப் பொருந்துமானால், உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து அவருடைய மகன், மகள், கணவர் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். அப்பா இல்லாததால் அம்மாவின் பங்கில் உங்களுக்கும் தங்கைக்கும் பாதிப் பாதி. உங்களுக்கும் அம்மாவுக்கும் வீட்டில் சம பங்கு என்று கொண்டால், இன்று அதில் கால் பங்கு உங்கள் தங்கையுடையது. தவணை முழுவதையும் நீங்களே கட்டிவந்திருந்தாலும், அதனால் மட்டும் அவருடைய உரிமை இல்லாமல் போகாது. இதை மறைத்து விண்ணப்பித்தால், விண்ணப்பத்தில் தவறான உறுதிமொழி அளித்தவராவீர்கள். பின்னாளில் தங்கை வழக்குத் தொடர்ந்தால் அவருடைய பங்கைப் பொறுத்தவரை அந்த அடமானமே கேள்விக்குள்ளாகும்.

ஆகவே முதலில் வாரிசுச் சான்றிதழ் பெறுங்கள். அதன்பின் தங்கைக்கு முன் இரண்டு வழிகள் உள்ளன: தம் பங்கை உங்களுக்குப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் மூலம் விட்டுத்தரலாம், அல்லது அடமானத்தில் தாமும் கையெழுத்திடலாம். இரண்டாவது வழியில் அவருடைய கால் பங்கும் உங்கள் மகளின் படிப்புக்கான 5 லட்சத்துக்கும் சேர்த்தே பிணையாகும். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடன் ஆகும். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி வங்கி 60 நாள் அறிவிப்பு கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலேயே சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்கலாம். இதைத் தங்கையிடம் ஒளிக்காமல் எடுத்துச் சொல்லி, அவர் யோசித்து முடிவெடுக்க அவகாசம் கொடுங்கள். அண்ணன் கேட்டார் என்பதற்காகப் படிக்காமல் போட்ட கையெழுத்தால் குடும்பங்கள் பிரிந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்பாக, இப்போதைய நிறுவனத்திடமே வட்டியைக் குறைக்கும்படி எழுத்துமூலம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வட்டி மாற்றக் கட்டணத்தோடு வேலை முடிந்துவிடும். புதிய அடமானப் பதிவுக்கான முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மிச்சமாகும். அம்மா இணைக் கடன்தாரராக இருந்ததால் அவரது மறைவை அந்த நிறுவனத்துக்கு எப்படியும் தெரிவித்தாக வேண்டும். கடன் பாதுகாப்புக் காப்பீட்டில் அவர் பெயர் இருந்ததா என்பதையும் அப்போதே விசாரியுங்கள். இருந்திருந்தால் கடனில் ஒரு பகுதியே தீரக்கூடும்.

மாற்றுவது என்றே முடிவானால், தனிநபர் பெயரில் உள்ள மாறுபடும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் வசூலிக்க முடியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் கடன் கொடுத்த நிறுவனம் மூலப் பத்திரங்களைத் திருப்பித்தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதி. கடன்தாரர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் ஆவணங்களை ஒப்படைக்கும் நடைமுறையையும் நிறுவனம் வகுத்திருக்க வேண்டும். அதை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பழைய அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் (கடன் அடைந்ததைப் பதிவு செய்யும் பத்திரம்) மூலம் ரத்தாகி, வில்லங்கச் சான்றில் அது பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே பார்ப்பது அவசியம்.

வட்டி, கட்டணங்களைத் தொகுத்துப் புதிய வங்கி தரும் ‘முக்கிய விவரங்கள் அறிக்கை’யில் (Key Facts Statement) இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க முடியாது. ஒப்பந்தத்தில், ‘கடன்தாரர் இவ்வங்கிக்குச் செலுத்த வேண்டிய பிற எல்லாக் கடன்களுக்கும்’ இந்த வீடே பிணை என்ற பொருளில் வாசகம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், வீட்டுக் கடன் அடைந்த பிறகும் ஒரு கிரெடிட் கார்டு பாக்கியைக் காட்டிப் பத்திரத்தை நிறுத்திவைக்க அது வழிவிடும். அந்த வாசகத்தை நீக்கித்தரக் கோருங்கள்; வங்கி மறுத்தால், தங்கையைக் கையெழுத்திட அழைக்காதீர்கள்.