பருவம் முடியும் வேளையில் ஃபெசன்ட் வேட்டை: கேள்வி பதில்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், கோழி இனத்துக் காட்டுப் பறவையான ஃபெசன்ட்டை வேட்டையாடும் பருவம் ஜனவரி 31 வரை நீடிக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல்கள்; பெட்டையைச் சுடக் கூடாது. டிசம்பருக்குப் பிறகு குடும்பத்தோடு செல்ல விரும்பும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

அக்டோபரில் காலடியில் எழுந்த சேவல்கள் இப்போது நூறு கஜத்துக்கு அப்பாலேயே பறந்துவிடுகின்றன. ஏன்?

இரண்டு மாதமாக மனிதர்களிடமிருந்தும் நாய்களிடமிருந்தும் தப்பிய பறவைகள்தான் இப்போது மிஞ்சியிருக்கின்றன. கார்க் கதவை அறைந்து சாத்தும் ஓசையும் நாயை அதட்டும் குரலும் எதற்கு முன்னோடி என்று அவற்றுக்குத் தெரியும். ஆகவே வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தி, கதவை மெல்ல மூடி, காற்று முகத்தில் படும்படி, ஒரு சொல்லும் பேசாமல் நடக்க வேண்டும். பனியின் பாரத்தில் புல்வெளிகள் படுத்துவிட்ட பிறகு, சேவலும் பெட்டையும் கூட்டமாகச் சம்பங்கோரை மண்டிய சதுப்புகளில் அடைகின்றன. அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று நான்கு பேர் செல்லும் குடும்பத்துக்குப் பெரிய சதுப்பு வேண்டாம், இரண்டு நாய்கள் முழுவதும் துழாவக்கூடிய சிறிய சதுப்பே போதும் என்பது என் உறுதியான கருத்து. உறைந்த சதுப்பில் குறைந்தது நான்கு அங்குலத் தடிமனுள்ள பனிக்கட்டியின் மேல்தான் நடக்க வேண்டும். மஸ்க்ராட் என்னும் நீரெலியின் கூடுகள் கோரைத்தண்டுக் குவியல்களாகத் தெரியும்; அவற்றைச் சுற்றிலும் பனிக்கட்டி மெலிந்திருக்கும். ஒதுங்கியே செல்லுங்கள்.

மாமனார் கொடுத்த பழைய பார்க்கர் இரட்டைக்குழல் துப்பாக்கி, 12 போர் (குழல் விட்டத்தின் அளவு). இன்றைய தோட்டாவைப் போடலாமா?

முதலில் பழைய துப்பாக்கிகளை அறிந்த ஒரு பழுதுநீக்குநரிடம் காட்டுங்கள். அதுவரை ஒரு தோட்டாவும் போடாதீர்கள். கனெக்டிகட்டின் மெரிடனில் பார்க்கர் சகோதரர்கள் நிறுவனம் செய்த துப்பாக்கிகள் அழகிலும் சமநிலையிலும் இன்றும் தலைசிறந்தவைதான். 1934-இல் ரெமிங்டன் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஆனால் அக்காலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை இன்றைய இரண்டே முக்கால் அங்குலத்தைவிடக் குட்டையானது. தோட்டாவின் மேல் அச்சிட்டிருக்கும் நீளம் வெடித்து மடிப்பு விரிந்த பின் உள்ள நீளம் என்பதால், சுடுவதற்கு முன் அது குட்டை அறைக்குள்ளும் இடறாமல் நுழைந்துவிடும். விரியும்போதுதான் முன்னே இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருந்தால், வெளியே தெரியாத துரு உள்ளுக்குள் அரித்திருக்கலாம்.

ரவையும், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டுகளும், முக்கியம். மத்திய அரசின் நீர்ப்பறவை நிலங்களில் ஈய ரவைக்கு அனுமதியில்லை; எஃகு ரவையோ பழைய குழலின் குறுகிய வாயைக் கெடுத்துவிடும். இதற்குத் தீர்வு பிஸ்மத் ரவை: எஃகைவிட அடர்த்தியும் மென்மையும் உடையது. விலை அதிகம்தான், ஆனால் இப்பருவத்தில் சுடும் தோட்டாக்கள் மிகச் சில. அறை நீளத்துக்குப் பொருந்தும் குறைந்த அழுத்தத் தோட்டாவில் ஐந்தாம் எண் ரவையைத் தேர்ந்தெடுங்கள்.

பன்னிரண்டு வயது மகளை எங்கே நிறுத்துவது?

வரிசையின் ஓரத்தில், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்துங்கள். சதுப்பின் மறுமுனையில் மறித்து நிற்பவராக மட்டும் நிறுத்தவே வேண்டாம். வேட்டையாடுவோர் அவளை நோக்கி நடந்து வருவார்கள். தோளில் பதியும் கட்டை நீளம் குறைந்த 20 போர் துப்பாக்கி, தலையில் ஆரஞ்சுத் தொப்பி, குழலில் ஒரே ஒரு தோட்டா. பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டுமே சுட வேண்டும் என்ற விதியைப் பெரியவர்களும் பின்பற்ற வேண்டும், ஏனெனில் தாழப் பறக்கும் சேவலின் அடியில் நாய் எம்பிக்கொண்டிருக்கும். முதல் ஆண்டில் துப்பாக்கி இல்லாமல் நாயோடு நடந்துவரச் செய்வது இன்னும் நல்லது.

என் ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் நாய் பனியில் நடக்கத் திணறுகிறது. குளிரா?

பாதத்தைத் தூக்கிப் பாருங்கள். விரலிடுக்கு மயிரில் பனி உருண்டு கோலிக்குண்டு போல் இறுகியிருக்கும். அந்த மயிரைக் கத்தரித்து, கிளம்பும் முன் பாதமெழுகு தடவுங்கள். பனிக்கட்டி உடைந்து நாய் தண்ணீரில் விழுந்தால், அன்றைய வேட்டையை அத்துடன் நிறுத்தி, துவட்டி, வண்டியில் சூடேற்றுங்கள். மாலையில் கண்ணிமைகளைத் திறந்து கோரைப்பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இது நரிகளுக்குச் சுருக்குக் கம்பி வைக்கும் காலமும்கூட. நாய் அதில் சிக்கிக்கொண்டால், சாதாரணக் குறடு அந்த முறுக்குக் கம்பியை வெட்டாது. அதற்கென்றே உள்ள கேபிள் வெட்டியை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் இருந்தால் பயனில்லை.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வேட்டை நின்றது. இங்கே இனம் அழியாதா?

ஃபெசன்ட் ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பறவை. ஒரு சேவல் பல பெட்டைகளுடன் இணைவதால், சேவல்களை மட்டும் குறைப்பது அடுத்த ஆண்டின் குஞ்சுகளைப் பெரிதும் பாதிப்பதில்லை. புல்வெளி உழவுக்குப் போவதுதான் பெரிய ஆபத்து. 1985-இல் தொடங்கிய நிலக்காப்புத் திட்டத்தில் உழவர்கள் விட்டுவைத்த புல்நிலங்களே இவற்றைப் பெருக்கின. ஆயினும் பனிப்புயல் வீசிய மறுநாள் பறவைகளைக் கடைசிப் புகலிடத்திலிருந்து எழுப்பக் கூடாது. சட்டம் அனுமதித்தாலும் நான் செல்வதில்லை.

கால் சதை வேகவே மாட்டேன் என்கிறதே?

கீழ்க்காலில் எலும்புபோல் இறுகிய நாண்கள் ஓடுகின்றன. நெஞ்சைத் தனியே எடுத்து விரைவாக வறுத்துவிடுங்கள். கால்களை மிளகுக் குழம்பில் சிறுதீயில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைத்து, நாண்களை உருவி எடுத்து, ரவை ஏதும் தங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே குழந்தைகளுக்குப் பரிமாறுங்கள்.